பக்கம் பி, ஏழு நொடி

துலோன் கப்பற்படைச் சமையற்கூடத்திலிருந்து
அப்பா அனுப்பும் பார்சலில் எப்போதும் இரண்டு கேசட்.
ஒன்றில் அவர் குரல். அம்மாவுக்கு.
மற்றது எனக்கும் ரெமிக்கும்:
மாதாமாதம் கேசட்டிலேயே வெளிவரும் கம்ப்யூட்டர் பத்திரிகை,
தாளில்லை, புரட்ட ஒன்றுமில்லை,
டிவியில் ஏறும்வரை வெறும் ஒலி.
இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே கனம்.

ஒரு மத்தியானம் அம்மா மாற்றிப் போட்டுவிட்டாள்.
சமையல் முடித்து, முகம் கழுவி, பவுடர் பூசி,
கேட்கத்தான் போகிறாள், ஆனாலும் பவுடர்,
பொத்தானை அமுக்கினாள்.
கீய்ய்ங் என்று நீளமாய் ஓர் ஊளை,
பிறகு தகரத்தில் மணல் கொட்டும் இரைச்சல்.
"ஐயோ, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு!"
முத்தியால்பேட்டையில் தூங்கிக்கொண்டிருந்த
மூன்று வீடுகள் எழுந்துவிட்டன.

நாங்களும் ஒருமுறை மாற்றிப் போட்டோம்.
திரையில் சிமிட்டும் ஒரு கட்டம்,
தேடுகிறேன் என்று பிரெஞ்சில் ஒரே சொல்.
அப்பாவின் குரல் வயர் வழியே
சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.
இருபது நிமிடம் அந்தப் பெட்டி பொறுமையாகக் கேட்டது.
தனக்கு அதில் ஒன்றுமில்லை போலிருக்கிறது.

அந்தப் பெட்டியை நம்மூர் டிவி ஏற்கவில்லை.
நேரு வீதி கன்னியப்பன்தான் எதையோ வெட்டி எதிலோ ஒட்டி
கறுப்பு வெள்ளையில் ஒரு நடுங்கும் படம் வரவழைத்தார்.
விசைப்பலகை பிரெஞ்சு. க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
பின்னாளில் டைப்ரைட்டிங் லோயரில்
நான் இரண்டு முறை தோற்றதற்கு அதுதான் காரணம்.
கேசட் சரியாகப் படிக்க
ஹெட்டின் குட்டித் திருகை ஒரு முடியளவு திருப்ப வேண்டும்.
அது ரெமியின் வேலை.
மூச்சைப் பிடித்துக்கொள்வது என் வேலை.
ஒன்பது நிமிடம் ஏறி, மில் சங்கு ஊதுகிற நேரம் பார்த்து
கரெண்ட் போகும்.
அல்லது போகாமல், பிழை 53.

எண்பத்தேழு மே மாதம் நானே ஒரு விளையாட்டு எழுதினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி.
வைத்திக்குப்பத்துக் கட்டுமரம், வலை,
நட்சத்திரக் குறிதான் மீன்.
சேமிக்கக் காலி கேசட் இல்லை.
மின்விசிறி ஏற்கெனவே ஒருமுறை தயங்கிச் சுற்றியது.
பீரோவைத் திறந்தேன். மார்ச் மாத அப்பா.
யாரும் மேலே பதியக் கூடாதென்று
ஓரத்துச் சின்னக் காதை உடைத்துத்தான் அனுப்பியிருந்தார்.
லோட்டஸ் சாக்லெட் தாளை நாலாய் மடித்து
அந்த ஓட்டையை அடைத்தேன்.

"மார்ச் மாசத்தது எங்கடி?"
"சிக்கி அறுந்துபோச்சும்மா."
அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அரிசி களையப் போனாள்.

அப்பா திரும்பி வந்தார்.
பதினாறு வருடம் எங்களோடு இருந்தார்.
கேசட்டில் பேசிய அளவுக்கு வீட்டில் பேசியதில்லை.
அம்மாவும் கேசட்டுக்குப் பூசிய பவுடரை
அவருக்குப் பூசியதாய் நினைவில்லை.

ரெமி இப்போது சார்செலில்.
போன மாதம் அந்த நாடாவைக் கணினியில் ஏற்றி அனுப்பினான்.
என் விளையாட்டு ஓடுகிறது!
கட்டுமரம் இடப்பக்கம் திரும்பினால் வலை வேலை செய்யாது,
அன்று திருத்தாத தவறு அப்படியே.
"பக்கம் பி-யைக் காதால் கேள்" என்று எழுதியிருந்தான்.

முதல் பதிவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
நான் நாடாவைக் கொஞ்சம் தள்ளியிருக்கிறேன்.
அந்த இடைவெளியில், அழியாமல்:
"...இங்க கத்திரிக்கா பலாக்கொட்ட கலருல, இவ்ளோ பெருசு மோனிக்,
முள்ளே இல்ல. கொழம்பு வச்சா..."

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள்
திரும்பவில்லை.
"உப்பு புடிக்க மாட்டேங்குது,
நீ வச்சா புடிக்குமோ என்னமோ" என்றாள்.
ஊளை தொடங்கியது. என் மீன்கள் இரைந்தன.
அவள் நிறுத்தவில்லை,
ஏப்ரலில் லீவு கேட்டிருப்பதை, குளிரை,
ரெமிக்கு ஷூ அளவை,
அந்த இரைச்சலுக்கு மேலே
வரி தவறாமல் சொல்லிக்கொண்டே போனாள்.